மனச்சிதைவின் கதை – 9: காய்ச்சலோடு வந்த கப்பல்

சென்ற வாரம் பாஸ்டன் நகரத்து மனநல மருத்துவமனையில் கதையை நிறுத்தியிருந்தோம். 1918. ஃப்ளூ காய்ச்சல் விட்டு எழுந்தவர்களில் சிலர் காதில் குரல் கேட்கிறது என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சோற்றில் விஷம் வைக்கிறான் என்கிறார்கள். இளம் மருத்துவர் கார்ல் மெனிஞ்சர் ஒவ்வொருவராகப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். அவர்களில் பலருக்கு வைத்த நோய்ப்பெயர் ‘டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்’. இன்றைக்கு நாம் மனச்சிதைவு என்கிற அதே நோய்தான். வந்தால் ஆள் தேறமாட்டான் என்பது அக்காலப் பாடம். ஆனால் மெனிஞ்சர் பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தேறி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பாடம் தப்பா, பெயர் தப்பா என்று கேட்டிருந்தேன். பதிலுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளைத் தாண்டி இன்னொரு ஃப்ளூவுக்கு வரவேண்டும். அது நம்மூர்த் துறைமுகத்திலேயே வந்து இறங்கியது.

1957 ஏப்ரலில் காமராஜர் மறுபடி முதலமைச்சராகப் பதவியேற்றார். அந்தத் தேர்தலில் அவர் நின்று வென்ற தொகுதி சாத்தூர். விருதுநகர் அப்போது தனி மாவட்டம் இல்லை. சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம் எல்லாமே ராமநாதபுரம் ஜில்லாவுக்குள் கிடந்தன, 1985இல்தான் பிரித்தார்கள். சாத்தூர்க்காரர்கள் தங்கள் எம்.எல்.ஏ.தான் முதல் மந்திரி என்று பெருமையடித்துக்கொண்டிருந்த அந்த மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் சென்னைக்கு வந்தது. டிரங்குப் பெட்டியும் கம்பளியும் தைலப் பாட்டிலுமாக ஊர் திரும்புகிற வழக்கமான கூட்டம்தான். கூடவே வழக்கமில்லாத ஒன்றும் வந்தது. பயணிகளில் பலருக்குக் காய்ச்சல்.

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இந்திய அரசின் இன்ஃப்ளூயன்சா மையம் இருந்தது. அங்கே பார்த்தபோது வைரஸ் புதியது என்று தெரிந்தது. உடம்புக்கு முன்னனுபவமே இல்லாத வைரஸ் என்பதால் அது ஊர் ஊராகப் பாய்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் இந்தியா முழுக்கப் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். 1918ஐப் பார்த்த கிழவர்களுக்கு இது ஒரு காய்ச்சலாகவே தெரிந்திருக்காது. மூன்று நாள் கஞ்சி, நாலாம் நாள் வேலை.

விருதுநகர் கணக்குக்குப் பேர்போன ஊர். எண்ணெய் டின், மல்லி மூட்டை, வத்தல் மூட்டை, எதற்கும் பேரேட்டில் இடமுண்டு. மகமை என்ற ஊர்ப் பொதுநிதிக்கு எடுத்த காசுக்குக்கூடக் கணக்கு உண்டு. ஆனால் சிவகாசி வீடுகளில் ஐந்து மாத வயிற்றோடு தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்களில் யார் யாருக்கு அந்த ஆண்டு காய்ச்சல் கண்டது, அந்த வயிற்றிலிருந்து பிறந்த பிள்ளை இருபது வயதில் எப்படி இருந்தான் என்று சேர்த்து எழுதிய பேரேடு எந்த ஊரிலும் இல்லை. இந்த வாரக் கதை முழுக்க அந்த எழுதாத கணக்கைப் பற்றியதுதான். வைரஸ் நம் வழியாகப் போனது. கணக்கை வேறொருவர் எழுதினார்.

அதற்கு முன் லண்டனுக்கு ஒரு நடை போய்வரலாம்.

லண்டன் மில் ஹில் பகுதியில் உலக ஃப்ளூ மையம். பொறுப்பாளர் கிளாஸ்கோவில் பிறந்த அலிக் ஐசக்ஸ். அவரோடு வேலை செய்ய சுவிட்சர்லாந்திலிருந்து ஜான் லிண்டன்மன் வந்திருக்கிறார். ஒரு வைரஸ் தொற்றிய செல்லில் இன்னொரு வைரஸ் ஏறுவதில்லையே, ஏன் என்பது இருவருக்கும் பொதுவான குடைச்சல்.

செய்தது எளிய வேலை. கருவுற்ற கோழிமுட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை உரித்துத் துண்டுபோட்டார்கள். சூடாக்கிக் கொன்ற ஃப்ளூ வைரஸை அந்தத் துண்டுகளோடு டெஸ்ட் டியூபில் போட்டு, உடம்புச் சூட்டில் ஊறவைத்தார்கள். பிறகு சவ்வை எடுத்து வீசிவிட்டு, எஞ்சிய தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புதுச் சவ்வை அந்தத் தண்ணீரில் போட்டு, இந்த முறை உயிருள்ள வைரஸை விட்டார்கள். வைரஸ் வளரவில்லை. முதல் சவ்வு சாகுமுன் தண்ணீருக்குள் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. இரண்டாம் சவ்வு அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அந்தச் சேதி சொல்லும் பொருளுக்கு ‘இன்டர்ஃபெரான்’ என்று பெயர் வைத்து 1957இல் கட்டுரை வெளியிட்டார்கள். சென்னைக்கு ஃப்ளூ வந்திறங்கிய அதே ஆண்டு.

இன்றைக்கு சைட்டோகைன் என்று சொல்கிறோமே, நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ரசாயனச் சேதி, அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கையில் சிக்கியவற்றில் ஒன்று இதுதான். இதில் ஒரு விசித்திரம் பின்னால் தெரியவந்தது. பல ஆண்டுகள் கழித்து ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டபோது, பலருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. சிலருக்கு மனமே பேதலித்தது. தலையில் அடிபடவில்லை, குடும்பத்தில் துக்கம் இல்லை. ரத்தத்தில் ஒரு சேதிப்பொருள் ஏறியது, அவ்வளவுதான். இதைப் பார்க்க ஐசக்ஸ் இல்லை. அவரும் மனச்சோர்வோடு போராடியவர். 1967இல் 45 வயதில் இறந்துபோனார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஹீத் என்ற மருத்துவர் குறுக்கு வழியில் இறங்கினார். மனச்சிதைவு நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து ‘டாராக்ஸீன்’ என்று பெயர் வைத்தார். அதைச் சிறைக் கைதிகளுக்கு ஏற்றினார். அவர்களுக்கும் புத்தி தடுமாறியது என்று எழுதினார். பத்திரிகைகள் கொண்டாடின. பிற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது ஒன்றும் தேறவில்லை. கைதிகளை வைத்துச் செய்தது அறமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். ஆய்வாகவே அது நிற்கவில்லை. ஆனால் ஹீத் கிளப்பிய புழுதியால் ‘மனநோய்க்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பு’ என்று பேசுகிறவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. நல்ல கேள்வியைக் கெட்ட ஆய்வு கெடுப்பது இது முதல்முறையும் இல்லை.

இதற்கிடையே சென்னையில் இறங்கிய வைரஸின் கூட்டாளிகள் உலகைச் சுற்றி அக்டோபரில் பின்லாந்தின் ஹெல்சின்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை. எல்லா ஊரையும் போலக் காய்ச்சல் வந்து போனது. ஆனால் அந்த ஊரில் பதிவேடு இருந்தது. யார் எந்தத் தேதியில் பிறந்தார், பின்னால் எந்த மனநல மருத்துவமனையில் என்ன நோய்ப்பெயரோடு சேர்ந்தார் என்பது எழுத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து சார்னாஃப் மெட்னிக் என்ற உளவியலாளர் தன் கூட்டாளிகளோடு அந்தத் தாள்களைப் புரட்டினார். 1957 ஃப்ளூவின்போது யாரெல்லாம் தாய் வயிற்றில் இருந்தார்கள், அப்போது எத்தனையாவது மாதம் என்று பிரித்தார். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் ஃப்ளூக் காலத்தைக் கடந்தவர்களிடையே மனச்சிதைவு கூடுதலாகத் தெரிந்தது. 1988இல் முடிவு வெளியானது.

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் காலதாமதத்தை விளக்கத் தேவையில்லை. கருந்திரியைப் பற்றவைத்த கையே வெடி வெடிக்கும்போது பக்கத்தில் இருக்காது. திரியின் நீளம்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். இங்கே திரியின் நீளம் இருபது வருஷம்.

ஆனால் உடனே ஒரு ஆபத்தும் எட்டிப்பார்த்தது. 1948இலேயே ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவு வர வளர்த்த தாயின் குணமும் காரணம் என்கிற பேச்சுக்கு வழிபோட்டிருந்தார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். நம்மூரில் பேய், செய்வினை, முனி அடித்தது என்பதோடு ‘அவ வயித்துல இருக்கும்போதே சரியில்ல’ என்பதும் சேர்ந்தே வரும். இப்போது காய்ச்சல் வந்த தாயே காரணம் என்று மறுபடி அவள் தலையிலேயே விடியுமா? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மனச்சிதைவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வருவது. ஃப்ளூ கண்ட தாய்மாரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் வரவில்லை. காய்ச்சல் கூட்டுவது ஒரு சிறு பங்கு. மரபணுக்கள் பலவும் பிற காரணங்களும் கூடினால்தான் நோய்.

சரி, தாயின் மூக்கிலும் நுரையீரலிலும் இருக்கும் வைரஸ் பிள்ளையின் மூளையை எப்படித் தொட்டது? ஃப்ளூ வைரஸ் பொதுவாக நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவதில்லையே?

இதற்குப் பதில் நம்மூர் ஆஸ்பத்திரி வார்டிலேயே இருக்கிறது. பட்டாசு ஆலையில் மணி மருந்து உராய்ந்து கையும் மார்பும் வெந்து வந்தவர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார். பெயர் சொல்வார், வீட்டுக்குத் தகவல் கொடுக்கச் சொல்வார், சம்பளப் பாக்கியைக்கூட ஞாபகமாகச் சொல்வார். சில நாளில் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறும். அன்று ராத்திரி குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்குவார். இல்லாத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ‘ரூமுக்குள்ள மருந்து பத்திருச்சு, ஓடுங்க’ என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். துணைக்கு இருக்கிற அம்மா, ஜன்னி கண்டுருச்சு என்று அழுவார். புண் தோலில் இருக்கிறது. மூளைக்குள் கிருமி போயிருக்கவேண்டும் என்பதில்லை. புண்ணிலும் ரத்தத்திலும் கொட்டுகிற சேதிப்பொருள்களே மூளையை உலுக்கப் போதும். அவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-6. தீக்காயம் பட்ட சில மணி நேரத்திலேயே அது ரத்தத்தில் ஏறிவிடும். 1986இல் ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் இதன் மரபணுவைப் பிரித்துக் காட்டினார்கள்.

ஜன்னியும் மனச்சிதைவும் ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இறங்கினால் ஜன்னி தெளியும். ஆனால் உடம்பின் சண்டைச் சேதி மூளைவரை கேட்கும் என்பதற்கு அது கண்ணெதிரே நிற்கும் சாட்சி. மெனிஞ்சரின் நோயாளிகள் தேறியதற்கும் இந்தத் திசையில்தான் விடை இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்து அமெரிக்காவில் சிலர் ஃப்ரீசரைத் திறந்தார்கள். 1950, 60களில் கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தின் சீரம் அங்கே பத்திரமாக உறைந்து கிடந்தது. பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, அவர்களில் யாருக்கு நோய் வந்தது என்பதும் தெரிந்திருந்தது. 2001இல் ஸ்டீபன் பூகா குழு, பின்னாளில் மனநோய் கண்ட பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் சீரத்தில் டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைன் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. 2004இல் ஆலன் பிரவுன் குழு கலிபோர்னியத் தாய்மாரிடம் இன்டர்லூக்கின்-8 கூடியிருந்ததைக் கண்டது. தேதியை வைத்து ஊகித்த காலம் போய், பொருளையே அளக்கும் காலம் வந்தது.

2007இல் கலிபோர்னியாவில் பால் பாட்டர்சனின் ஆய்வுக்கூடம் இன்னும் ஒரு படி போனது. கர்ப்பமாக இருந்த சுண்டெலிக்கு வைரஸைக் கொடுக்கவில்லை. இன்டர்லூக்கின்-6ஐ மட்டும், ஒரே ஒரு ஊசி. பிறந்த குட்டிகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. வளர்ந்ததும் ஒரு சோதனை வைத்தார்கள். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் எலியும் துள்ளும், நாமும் துள்ளுவோம். அதற்கு ஒரு கணம் முன்னால் சின்னதாக ஒரு சத்தம் வந்தால் மூளை தயாராகிவிடும், துள்ளல் குறையும். மனச்சிதைவு உள்ளவர்கள் பலரிடம் இந்தத் தயாராகுதல் குறைவு. அந்தக் குட்டிகளிடமும் குறைவு. பிறகு தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். தாய் எலிக்கு வைரஸ் வந்ததுபோல் எதிர்ப்பைத் தூண்டிவிட்டு, இன்டர்லூக்கின்-6ஐ மட்டும் தடுத்தார்கள். குட்டிகள் தப்பித்தன.

கதை முடிந்தது, குற்றவாளி பிடிபட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்போதுதான் அடித்தளமே ஆடியது.

2010இல் ஜான்-பால் செல்டன் தலைமையில் சிலர் 1957 ஃப்ளூ பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். ஹெல்சின்கியில் தெரிந்த தொடர்பு மொத்தக் கணக்கில் காணாமல் போனது. ஃப்ளூக் காலத்தில் வயிற்றில் இருந்தது என்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் மனச்சிதைவு கூடவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல் அடித்த மாதத்தில் கர்ப்பமாக இருந்த எல்லாருக்கும் காய்ச்சல் வந்திருக்காதே. தேதியை நம்பிச் செய்த கணக்கின் ஓட்டை அது. அதனால் எனக்கு ஃப்ரீசர்க் கணக்கின்மேல்தான் நம்பிக்கை. அதிலும் தாய்மார் எண்ணிக்கை சிறிது என்பதை மறக்கக்கூடாது.

பிறந்த பிறகும் தடயம் உண்டா? 2014இல் கேம்பிரிட்ஜில் கோலம் கந்தாகர் குழு, இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரின் ஒன்பது வயது ரத்தத்தைப் பார்த்தது. இன்டர்லூக்கின்-6 அதிகமிருந்தவர்களுக்குப் பதினெட்டு வயதில் மனப்பிரமை அனுபவங்கள் கூடுதலாக இருந்தன. பெங்களூர் நிம்ஹான்ஸில் மொனோஜித் தேப்நாத், கணேசன் வெங்கடசுப்பிரமணியன் போன்றவர்கள் இன்டர்லூக்கின்-17 பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இன்டர்லூக்கின்-6ஐத் தடுத்துவிட்டால் நோய் போகுமா? தடுக்கிற மருந்து கையில் இருக்கிறது. உங்களுக்கே தெரியும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ‘சைட்டோகைன் புயல்’ என்று சொல்லி, டோசிலிசுமாப் எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக அலைந்தோமே, அதேதான். கொரோனாவுக்கு முன்பே அதை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் செய்த ஒரு சிறு சோதனை நம்பிக்கை தந்தது. 2018இல் மருந்தில்லாத போலி ஊசியோடு ஒப்பிட்டு முறையாகச் செய்தபோது பலன் இல்லை. தீ பிடித்த பிறகு திரியைத் தேடினால் என்ன கிடைக்கும் என்பார் சிலர். எல்லா நோயாளிக்கும் இந்தச் சேதிப்பொருள் கூடியிருப்பதில்லை, கூடியிருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதித்திருக்கவேண்டும் என்பார் வேறு சிலர். இரண்டாவது தரப்பில் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் இந்த நோயோடு ஒருவர் இருக்கிறவர்களும் உண்டு என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. அவர்களுக்கு ஒன்று. சைட்டோகைன் கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும், இன்றைக்கு மனச்சிதைவைக் கட்டுக்குள் வைப்பது டாக்டர் எழுதிக்கொடுக்கும் வழக்கமான மாத்திரைதான். அதை நீங்களாக நிறுத்தவேண்டாம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் எண் 14416; தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி நம் கணக்குக்கு வருவோம். 1957இல் நாம் எழுதாமல் விட்ட பேரேட்டை இங்கேயும் ஒருவர் திறந்தார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் நடத்திய டாக்டர் சாரதா மேனன், பணி ஓய்வுக்குப் பிறகு 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். டாக்டர் ஆர். தாராவும் சகாக்களும் முதன்முதலாக நோய் கண்டவர்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து பிரயன் மௌரி வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அதுவரை மனச்சிதைவின் மரபணுக் கணக்கில் பெரும்பங்கு ஐரோப்பிய ரத்தம்தான். அதில் மிக உரக்கக் கூவிய இடம் ஆறாவது குரோமோசோமின் நோய் எதிர்ப்புப் பகுதி. தமிழ் ரத்தமும் அதையே சொல்லும் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும்.

சதீஷ் பெரியசாமி முதல் ஆசிரியராக 2019இல் அந்த ஆய்வின் கட்டுரை வெளியானது. அதில் முன்னே வந்து நின்ற மரபணு எந்தச் சைட்டோகைனையும் சேர்ந்ததல்ல. ‘என்.ஏ.பி.ஆர்.டி-1’ என்ற அது, நியாசின் என்கிற வைட்டமின் பி-3ஐ உடம்பு பயன்படுத்திக்கொள்ள உதவுவது. நியாசின் இல்லாமல் போனால் தோல் கறுத்து, வயிறு போய், கடைசியில் புத்தியும் தடுமாறும் பெல்லக்ரா நோய் வரும். சோளச் சோறே கதியாக இருந்தவர்களிடம் அந்த நோய் ஏன் வந்தது என்று ஐதராபாத்தில் சி. கோபாலன் என்ற தமிழர் அரை நூற்றாண்டுக்கு முன்பே துப்புத் துலக்கியிருந்தார். அடுத்த வாரம் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போகிறோம்.

(தொடரும்)